வீட்டோடு இருந்துவிட்டவர்களை எண்ணுவது: பார்வையிழப்பு விரைவுக் கணக்கெடுப்பை நடத்தும் முறை

ஒரு பகுதியில் கண்புரையால் பார்வை இழந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் மருத்துவமனைப் பதிவேடு பதில் சொல்லாது. அங்கே வந்தவர்களை மட்டுமே அதற்குத் தெரியும். கையில் காசில்லாமல், கூட்டிப்போக ஆளில்லாமல், வயதானால் கண் மங்கத்தானே செய்யும் என்று வீட்டோடு இருந்துவிட்டவர்களைத் தேடிப்போய்த்தான் எண்ணியாக வேண்டும். ஏழ்மையான பகுதிகளில் பார்வையிழப்புத் தடுப்பில் வேலை செய்ய வரும் பொதுசுகாதார ஆய்வாளருக்கு முதலில் கைவர வேண்டிய வேலை இதுதான்: சில வாரங்களில், குறைந்த செலவில், ஆனால் நம்பத்தக்க முறையில் ஒரு வீட்டுவாரிக் கணக்கெடுப்பை நடத்தி முடிப்பது.

இதற்கு உலகெங்கும் புழக்கத்தில் இருக்கும் முறையின் சுருக்கப்பெயர் 'ராப்'. தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை விரைவாக மதிப்பிடும் முறை. 1990களில் ஹான்ஸ் லிம்பர்க் கண்புரைச் சேவையை மட்டும் அளப்பதற்காக வகுத்த முறை, பின்னர் லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசின் நிறுவனத்தின் துணையோடு விரிந்து இன்றைய வடிவத்துக்கு வந்தது. இதில் வரும் புள்ளியியல் கடினமானதல்ல. மென்பொருளே போட்டுத் தந்துவிடும். கணக்கெடுப்பு கெட்டுப்போவது பெரும்பாலும் வாசலில்தான், எந்த வீட்டுக்குள் போனோம், எதைத் தாண்டிப் போனோம் என்பதில். ஆகவே இந்தக் குறிப்பில் சூத்திரத்துக்குக் கொஞ்சம் இடமும் வாசலுக்கு நிறைய இடமும்.

யாரை எண்ணுவது

50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை மட்டும். பார்வையிழந்தோரில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த வயதினர். எல்லா வயதினரையும் சோதித்தால் பல மடங்கு பெரிய மாதிரி வேண்டும். கிடைக்கும் கூடுதல் தகவலோ மிகக் குறைவு.

இதனாலேயே சில கேள்விகளை இந்தக் கணக்கெடுப்பிடம் கேட்கக் கூடாது. குழந்தைகளின் பார்வையிழப்பு மிக ஏழ்மையான இடங்களில்கூட ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். 3,000 குழந்தைகளைச் சோதித்தால் மூன்று பேர் கிடைப்பார்கள். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதற்கு ஊருக்குள் ஆட்களைப் பயிற்றுவித்து, பார்வைக் குறையுள்ள பிள்ளைகளைக் கண்டுபிடித்துச் சொல்லச் செய்யும் வேறு முறை உண்டு. டிராக்கோமா என்ற தொற்றுக் கண்நோய்க்கும் தனிக் கணக்கெடுப்புதான். அங்கே 1 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் மேலிமையைத் திருப்பி அழற்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இமைமுடி உள்திரும்பல் இருக்கிறதா என்று தேடுவார்கள். பொதுசுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நோய் ஒழிந்தது என்று சொல்ல முதலாவது 5 சதவீதத்துக்கும் இரண்டாவது 0.2 சதவீதத்துக்கும் கீழே இருக்க வேண்டும். கண் அழுத்த நோயையும் இந்த முறையால் அளக்க முடியாது. அது முற்றும்வரை நேர்ப்பார்வை நன்றாகவே இருக்கும். எழுத்து அட்டையில் தேறியவர் எல்லாம் நோயில்லாதவர் என்று அறிக்கையில் எழுதிவிடும் தவறு இன்னமும் நடக்கிறது.

அளவுகோல் இது (6/12 என்றால், நல்ல பார்வை உள்ளவர் 12 மீட்டரில் படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டரில்தான் படிப்பார்). இரண்டு கண்ணில் நன்றாகத் தெரியும் கண்ணை வைத்து, அவர் வழக்கமாகப் போடும் தூரப்பார்வைக் கண்ணாடியோடு: 6/12க்குக் கீழே லேசான குறை, 6/18க்குக் கீழே மிதமான குறை, 6/60க்குக் கீழே கடுமையான குறை, 3/60க்குக் கீழே பார்வையிழப்பு. கண்ணாடி இல்லாதவருக்குக் கண்ணாடி இல்லாமல்தான் அளக்க வேண்டும். சரியான கண்ணாடி போட்டால் எவ்வளவு தெரியும் என்பது வேறு கேள்வி. அந்த மனிதர் இன்று எந்தப் பார்வையோடு வாழ்கிறார் என்பதே இங்கே முதல் கேள்வி.

எத்தனை பேர், எத்தனை கொத்து

முந்தைய ஆய்வுகளையோ பக்கத்துப் பகுதியின் ஆய்வையோ வைத்து, 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் பார்வையிழப்பு எத்தனை சதவீதம் இருக்கும் என்று ஊகித்துக்கொள்ள வேண்டும். 3 சதவீதம் என்று வைப்போம். விடை 20 சதவீத ஏற்ற இறக்கத்துக்குள், அதாவது 2.4 முதல் 3.6 வரை, அமைய வேண்டும் என்றால் 95 சதவீத நம்பிக்கை அளவில் எளிய சூத்திரம் தரும் எண்ணிக்கை ஏறத்தாழ 3,105. ஆட்களைத் தனித்தனியாக அல்லாமல் கொத்துக் கொத்தாக (ஓரிடத்தில் அடுத்தடுத்த வீடுகளில் இருப்பவர்களைச் சேர்த்து) எடுப்பதால் இதை 1.5 ஆல் பெருக்க வேண்டும்: 4,658. பத்தில் ஒருவர் கிடைக்கமாட்டார் என்று 0.9 ஆல் வகுத்தால் 5,175. கொத்துக்கு 50 பேர் என்றால் 104 கொத்துகள்.

இவ்வளவு முடியாது என்றால் ஏற்ற இறக்கத்தை 25 சதவீதமாகத் தளர்த்தலாம். அப்போது 3,312 பேர், 67 கொத்துகள். இது நியாயமான சமரசம். நியாயமில்லாதது ஒன்று உண்டு: பணத்துக்கு ஏற்றபடி மாதிரியைச் சுருக்க, பார்வையிழப்பு 6 சதவீதம் இருக்கும் என்று ஊகத்தை ஏற்றிக்கொள்வது. 6 சதவீதம் என்று போட்டால் 20 சதவீத ஏற்ற இறக்கத்திலும் 51 கொத்திலேயே கணக்கு முடியும், தாளில் அழகாக இருக்கும். உண்மை 2 சதவீதமாக இருந்துவிட்டால் வரும் விடையின் எல்லை மிக அகலமாகி, திட்டமிட உதவாமல் போகும்.

கொத்தின் அளவைப் பெரிதாக்கினால் ஊர் எண்ணிக்கை குறையுமே என்று தோன்றும். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மருத்துவமனைக்கு, ஒரே முகாமுக்குப் போகிறவர்கள். அவர்கள் கண்ணின் கதையும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே கொத்தில் 100 பேரைப் பார்த்தாலும் புதிதாகத் தெரியவருவது கொஞ்சம்தான். ஆட்களுக்கிடையே ஒற்றுமை அளவு 0.01 என்றால் மேலே 1.5 என்று வைத்த பெருக்குத்தொகை 50 பேர் கொத்துக்கு 1.49, 100 பேர் கொத்துக்கு 1.99. ஒரு குழு ஒரே நாளில் முடிக்கக்கூடிய அளவுதான் கொத்தின் சரியான அளவு. வீடுகள் சிதறிக் கிடக்கும் மலைப்பகுதியில் அது 35 ஆகலாம். இறங்கும் முன்பே முடிவு செய்து, எல்லாக் கொத்துக்கும் அதையே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊரையும் தெருவையும் தேர்ந்தெடுத்தல்

மக்கள்தொகைக் கணக்கில் உள்ள எல்லா ஊர்களையும், நகர வட்டங்களையும் சேர்த்து ஒரே பட்டியல் போட்டு, மக்கள்தொகையை மேலிருந்து கீழே கூட்டிக்கொண்டே வர வேண்டும். மொத்தம் 8,00,000, கொத்துகள் 67 என்றால் இடைவெளி 11,940. 1க்கும் 11,940க்கும் நடுவே சீரற்ற முறையில் ஓர் எண். 4,317 வந்ததாகக் கொள்வோம். கூட்டுத்தொகையில் 4,317 எந்த ஊருக்குள் விழுகிறதோ அது முதல் கொத்து. அடுத்தது 16,257, அதற்கடுத்தது 28,197. பெரிய ஊருக்கு வாய்ப்பு அதிகம்; இடைவெளியைவிடப் பெரிய ஊரில் இரண்டு கொத்துகூட விழும். அதை மாற்றக் கூடாது.

இந்தப் பட்டியலில் இல்லாத ஊர் கணக்கெடுப்பிலும் இல்லை. கணக்கெடுத்துப் பத்தாண்டு ஆகியிருந்தால் புதிதாக முளைத்த குடிசைப் பகுதிகள், அகதிகள் குடியிருப்புகள், பதிவில்லாத தோட்டக் குடியிருப்புகள் விட்டுப்போயிருக்கும். பார்வையிழப்பு அதிகமாக இருக்க வாய்ப்புள்ள இடங்களும் அவையே. உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பட்டியலைச் சரிபார்ப்பது வீணாகாது. பாதுகாப்பு காரணமாக ஓர் ஊரைச் சேர்க்கவே முடியாது என்றால், குலுக்கலுக்கு முன்பே நீக்கி அறிக்கையில் சொல்ல வேண்டும். தேர்வான பிறகு, பாதை சரியில்லை என்று பக்கத்து ஊருக்குப் போவது ஆய்வை உள்ளிருந்தே அரித்துவிடும். பாதை சரியில்லாத ஊர்க்காரருக்குத்தான் மருத்துவமனையும் எட்டாமல் இருக்கும்.

ஊருக்குள் போனதும் அடுத்த குலுக்கல். 50 வயதுக்கு மேற்பட்டவர்கள் மக்கள்தொகையில் 10 சதவீதம் என்றால் 50 பேர் கிடைக்க 500 பேர் வசிக்கும் பகுதி வேண்டும். 2,000 பேர் உள்ள ஊரை நான்கு துண்டாகப் பிரிக்க வேண்டும். ஊரை நன்கு அறிந்த ஒருவரோடு உட்கார்ந்து சாலை, ஓடை, வழிபாட்டு இடம், பள்ளி ஆகியவற்றைக் குறித்துக் கைவரைபடம் போட்டு, எல்லை கண்ணுக்குத் தெரியும்படி நான்கு பகுதி பிரித்து, சீட்டுக் குலுக்கி ஒன்றை எடுங்கள். சீட்டை ஊர்க்காரர் முன்னிலையிலேயே குலுக்குங்கள். ஏன் எங்கள் தெருவுக்கு வரவில்லை என்ற சண்டை பாதியாகக் குறையும். அந்தப் பகுதியின் ஒரு முனையில் தொடங்கி, ஒரு வீட்டையும் விடாமல், 50 பேர் சேரும்வரை போக வேண்டும். போதவில்லை என்றால் அடுத்த சீட்டு. ஊரே முடிந்துவிட்டால் அருகிலுள்ள அடுத்த ஊர்.

பிரிக்கும்போது நடக்கும் பிழை ஒன்று: ஊர்த்தலைவர் போடும் வரைபடத்தில் ஊருக்கு வெளியே தள்ளி இருக்கும் குடியிருப்பு வராது. அந்த ஒற்றையடிப் பாதை எங்கே போகிறது என்று கேட்டால்தான் வரும். கேளுங்கள்.

குழு, சாமான், பயிற்சி

ஒரு குழுவில் கண் மருத்துவரோ அதற்கெனப் பயிற்சி பெற்ற கண் மருத்துவ அலுவலரோ ஒருவர், பார்வைத்திறன் அளக்கும் உதவியாளர் ஒருவர், அன்றைய ஊர்க்காரர் ஒருவர். குழுவில் ஒருவராவது பெண்ணாக இருப்பது நல்லது. சில வீடுகளில் ஆண்கள் மட்டும் போய் நின்றால் உள்ளே இருக்கும் பாட்டியைப் பார்க்கவே முடியாது. மூன்று குழு இருந்தால் 67 கொத்தை 23 வேலைநாளில் முடிக்கலாம். மழைக்கும் வண்டி பழுதுக்கும் சேர்த்து ஒரு வாரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அறுவடை, திருவிழா, தேர்தல் காலங்களைத் தவிர்க்க வேண்டும்.

பையில் இருக்க வேண்டியவை: நான்கு பக்கமும் திருப்பக்கூடிய ஆங்கில 'ஈ' (E) எழுத்து அட்டை, ஊசித்துளைத் தகடு, இழுபடாத 6 மீட்டர் கயிறு (1, 3 மீட்டரில் முடிச்சு), டார்ச், கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் நேரடி ஆப்தால்மாஸ்கோப், இரண்டுக்கும் மாற்று பேட்டரி, கண் பாப்பாவை (கண்ணின் நடுவில் ஒளி நுழையும் துளையை) விரிக்கும் டிராபிகமைடு சொட்டு, பரிந்துரைச் சீட்டுகள், அனுமதிக் கடிதத்தின் நகல். 'ராப்' முறையின் ஏழாவது பதிப்பில் தாள் படிவத்துக்குப் பதில் ஆண்ட்ராய்டு செயலி. பார்வைத்திறனையும் பீக் அக்யூட்டி என்ற செயலியில் 2 மீட்டர் தூரத்தில் அளக்கலாம். வெயிலில் போன் திரை மங்கும், பேட்டரி மதியத்துக்குள் தீரும். பவர் பேங்க் இல்லாமல் கிளம்ப வேண்டாம். அட்டையையும் கயிற்றையும் பையை விட்டு எடுக்கவும் வேண்டாம்.

பயிற்சிக்கு ஐந்து நாள். அதில் ஒரு நாள் முழுவதும் ஒத்திசைவுச் சோதனைக்கு: கண்புரை உள்ளவர், இல்லாதவர், அறுவைசிகிச்சை ஆனவர் எனக் கலந்த ஏறத்தாழ 40 பேரை எல்லாக் குழுவும் தனித்தனியே சோதித்து, அனுபவமிக்க ஒரு குழுவின் முடிவோடு ஒப்பிட வேண்டும். இரு குழுவின் முடிவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கப்பா மதிப்பு 0.6ஐத் தொடாத குழுவைக் களத்துக்கு அனுப்பக் கூடாது. நடைமுறையில் பார்வைத்திறன் அளப்பதில் எல்லோரும் விரைவில் ஒத்துவந்துவிடுவார்கள். லென்ஸின் நிலையைச் சொல்வதிலும் காரணத்தைக் குறிப்பதிலும்தான் இழுபறி. மருத்துவமனையில் ஸ்லிட் லாம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் பழகியவருக்கு டார்ச் வெளிச்சத்தில் லேசான புரையும் பெரிதாகத் தெரியும். மறுபடி பயிற்சி, மறுபடி சோதனை. நாள் போகிறதே என்று இதை விடுவதைவிட இரண்டு கொத்தைக் குறைத்துக்கொள்வது மேல்.

வாசலில்

ஆறு மாதமாக அந்த வீட்டில் வசிக்கிறவரா, 50 வயது ஆனவரா என்பது முதல் கேள்வி. பிறந்த ஆண்டு தெரியாதவர்கள் இருப்பார்கள். ஊரே நினைவில் வைத்திருக்கும் பழைய நிகழ்வுகளின் ஆண்டுப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அப்போது திருமணம் ஆகியிருந்ததா, குழந்தை இருந்ததா என்று கேட்டுத்தான் வயதைக் கட்ட வேண்டும். முகத்தைப் பார்த்து 50 என்று எழுதுகிற குழுவின் தரவில் 50, 60, 70 ஆகிய வயதுகள் மட்டும் குவிந்து நிற்கும். மாலையில் தரவைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் பலர் நடமாடுகிறவர்களை மட்டும் சொல்வார்கள். படுக்கையில் இருப்பவரை, கண் தெரியாமல் பின்கட்டில் உட்கார்ந்திருப்பவரைச் சொல்ல மறப்பார்கள், சில சமயம் கூச்சத்தால் மறைப்பார்கள். வெளியே வர முடியாதவர் யாராவது உள்ளே இருக்கிறார்களா என்பதைத் தனிக் கேள்வியாக ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வியை விட்டாலே முடிவு கீழே சரியும். ஊர்நடுவில் மேஜை போட்டு எல்லோரையும் வரச் சொல்வதும் அதே தவறு. பார்வை இழந்தவர் வரமாட்டார். கண் உறுத்தல் உள்ள இளவயதினர் வரிசையில் நிற்பார்கள். குழுதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

ஆள் இல்லாத வீட்டுக்கு அதே நாளில் இரண்டு முறையாவது திரும்பி வர வேண்டும், அதில் ஒரு முறை மாலையில். அப்போதும் கிடைக்காவிட்டால் வீட்டாரிடமோ பக்கத்து வீட்டாரிடமோ கேட்டு, பார்வை நன்றாக உள்ளவரா, கண்புரையால் தெரியாதவரா, வேறு காரணத்தால் தெரியாதவரா, அறுவைசிகிச்சை செய்துகொண்டவரா என்று குறிக்க வேண்டும். அவருக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டிலிருந்து ஒருவரைச் சேர்க்கக் கூடாது. கிடைக்காதவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போன, நன்றாகக் கண் தெரியும் ஆண்கள். அவர்களுக்குப் பதில் வீட்டில் இருப்பவர்களைப் போட்டால் பார்வையிழப்பு பொய்யாக உயரும். மொத்தத்தில் 90 சதவீதத்தினராவது சோதனைக்கு வந்திருக்க வேண்டும்.

ஒப்புதலை அவர் பேசும் மொழியில் படித்துச் சொல்லி வாங்குங்கள். எழுதத் தெரியாதவரிடம் சாட்சியோடு கைநாட்டு. மறுப்பவரை வற்புறுத்தக் கூடாது. சிகிச்சை தேவைப்படும் ஒவ்வொருவருக்கும் எந்த இடத்துக்கு, எந்த நாளில் போக வேண்டும் என்று எழுதிய சீட்டு கொடுக்க வேண்டும். அந்த மருத்துவமனையோடு முன்பே பேசி வைத்திருப்பது ஆய்வாளரின் பொறுப்பு. பார்த்துவிட்டுப் போனார்கள், ஒன்றும் செய்யவில்லை என்ற பேச்சு ஊரில் பரவினால் அடுத்த ஆய்வுக்கு யாரும் கதவு திறக்கமாட்டார்கள்.

கண்ணைப் பார்த்தல்

வெளியே நிழலில், முகத்தில் வெயில் அடிக்காமல் உட்கார வைத்து, கயிறு பிடித்து 6 மீட்டர். ஒவ்வொரு கண்ணாக. மற்ற கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள்; விரலால் மூடினால் இடுக்கு வழியே பார்ப்பார்கள், அழுத்தி மூடினால் அடுத்த முறை அந்தக் கண் மங்கலாகத் தெரியும். எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் என்று கையால் காட்டச் சொல்ல வேண்டும். முதலில் பக்கத்தில் நின்று பழக்கிவிடுங்கள், புரியாமல் தவறுவதும் தெரியாமல் தவறுவதும் வேறு. அட்டையை முதுகுக்குப் பின்னால் வைத்துத் திருப்ப வேண்டும். தொடர்ந்து நான்கு, அல்லது ஐந்தில் நான்கு சரியாகச் சொன்னால் அந்த அளவில் தேர்ச்சி.

6/12 எழுத்து தெரியவில்லை என்றால் 6/18, அதுவும் இல்லையென்றால் 6/60. பெரிய எழுத்தே 6 மீட்டரில் தெரியாவிட்டால் 3 மீட்டருக்கு வந்து 3/60, பிறகு 1 மீட்டரில் 1/60, கடைசியில் டார்ச் வெளிச்சம் தெரிகிறதா. 6/12 தேறாத கண்ணுக்கு, கண்ணாடி இருந்தால் அதன் மேலேயே ஊசித்துளைத் தகட்டை வைத்து மறுபடி அளக்க வேண்டும். தகட்டோடு நன்றாகத் தெரிந்தால் குறை பெரும்பாலும் கண்ணாடியில் சரியாகும். முதியவருக்குத் துளையைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்க வராது, கை நடுங்கும். ஒரு நிமிடம் பொறுத்திருந்து தகட்டை மெல்ல அசைத்துக் காட்டாமல், தெரியவில்லை என்று எழுதிவிட்டால் கண்ணாடித் தேவை கண்புரையின் கணக்கில் போய்ச் சேரும்.

லென்ஸைப் பார்க்க இருட்டான அறை வேண்டும், இல்லையென்றால் தலைக்கு மேல் கறுப்புத் துணி. பாப்பாவை விரிக்காமல், டார்ச்சாலும் சற்றுத் தள்ளி நின்று ஆப்தால்மாஸ்கோப்பாலும் பார்த்து ஆறில் ஒன்றைக் குறிக்க வேண்டும்: தெளிவு, வெளிப்படையான புரை, லென்ஸ் இல்லை, செயற்கை லென்ஸ், பின்பை (லென்ஸுக்குப் பின்னால் உள்ள மெல்லிய உறை) மங்கலான செயற்கை லென்ஸ், லென்ஸைப் பார்க்க முடியவில்லை. தகட்டோடும் 6/18 தெரியாமல், புரையோ கருவிழித் தழும்போ காரணமாகத் தெரியாத கண்ணுக்கு மட்டும் சொட்டுமருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும். விடுமுன் பக்கவாட்டில் டார்ச் அடித்து கருவிழிக்குப் பின்னால் உள்ள முன்னறையின் ஆழத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்; ஆழம் குறைந்த கண்ணில் விரிப்பு மருந்து அழுத்தத்தைத் திடீரென ஏற்றக்கூடும். சில மணி நேரத்துக்குப் பார்வை மங்கலாக இருக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் விட வேண்டும்.

காரணத்தைக் குறிப்பதில் விதி ஒன்று உண்டு. ஒரே கண்ணில் பல கோளாறு இருந்தால் எளிதில் சிகிச்சை செய்து சரியாக்கக்கூடியதையே முதன்மைக் காரணமாக எழுத வேண்டும். சேவையைத் திட்டமிடுவதற்கான ஆய்வு என்பதால் இப்படி வகுத்திருக்கிறார்கள். விளைவு, கண்புரையின் பங்கு கொஞ்சம் கூடுதலாகவும் விழித்திரை, நரம்பு நோய்களின் பங்கு குறைவாகவும் தெரியும். அறிக்கையைப் படிப்பவருக்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

அறுவைசிகிச்சை செய்துகொள்ளாத கண்புரைக்காரரிடம் ஏன் என்று கேட்கும் கேள்வியும் இங்கே வரும். விடைகளைப் படித்துக் காட்டிவிட்டால் எல்லோரும் செலவு என்பார்கள். கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு அவர் பேசுவதைக் கேட்டு, பொருந்தும் இரண்டு காரணம்வரை குழுவே குறிக்க வேண்டும்: தேவை என்று தோன்றவில்லை, பயம், செலவு, சிகிச்சை இருப்பதே தெரியாது, போய்ச்சேர முடியவில்லை, மருத்துவமனையில் பிறகு வரச் சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் மகனோ மருமகளோ நின்றால் கூட்டிப்போக ஆளில்லை என்ற பதில் வரவே வராது. முடிந்தால் தனியாகக் கேளுங்கள்.

ஒவ்வொரு இரவும் மேற்பார்வையாளர் தரவைப் பார்க்க வேண்டும். ஒரு குழுவில் மட்டும் பார்வையிழப்பு அறவே இல்லை, அல்லது 50 பேரும் வீட்டிலேயே கிடைத்துவிட்டார்கள் என்றால் மறுநாள் அந்த ஊரில் ஐந்து வீட்டைத் தட்டிப் பார்ப்பது நல்லது.

எண்களைப் படித்தல்

மாதிரியில் வந்த சதவீதத்தை அப்படியே வெளியிடக் கூடாது. வீட்டில் கிடைப்பவர்கள் பெண்களும் அதிக வயதானவர்களுமே என்பதால் மாதிரி அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். மக்கள்தொகையின் வயது, பாலின விகிதத்துக்குச் சரிக்கட்டிய எண்ணே முதன்மை எண். நம்பிக்கை எல்லையையும் கூடவே போட வேண்டும். 50 வயதுக்கு மேற்பட்டவர்கள் 80,000. இரு கண்ணிலும் கண்புரையால் பார்வை இழந்தவர்கள் 1.5 சதவீதம், எல்லை 1.1 முதல் 1.9 என்றால், காத்திருப்பவர்கள் 1,200 பேர் என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. 880லிருந்து 1,520 வரை என்று சேர்த்துச் சொன்னால்தான் மருத்துவமனை நிர்வாகி எத்தனை படுக்கை, எத்தனை லென்ஸ் என்று யோசிக்க முடியும். எங்கள் வட்டத்துக்கு மட்டும் எண் கொடுங்கள் என்று கேட்பார்கள். வட்டத்துக்கு நான்கு கொத்துதான் இருக்கும், கொடுக்கக் கூடாது.

உள்ளதிலேயே கூர்ந்து பார்க்க வேண்டியது அறுவைசிகிச்சை எட்டிய அளவு, சுருக்கமாக எட்டளவு. மூன்று கூட்டத்தை எண்ணுங்கள். ஒரு கண்ணில் அறுவைசிகிச்சை ஆகி மறுகண்ணில் புரை உள்ளவர்கள் 40 பேர், இரு கண்ணிலும் அறுவைசிகிச்சை ஆனவர்கள் 60 பேர், இரு கண்ணிலும் புரை இருந்தும் எதுவும் செய்யாதவர்கள் 100 பேர் என்று வைப்போம். 200 பேரில் 100 பேருக்குச் சிகிச்சை எட்டியிருக்கிறது: 50 சதவீதம். அடுத்து, அந்த 100 பேரில் அறுவைசிகிச்சை ஆன கண்ணில் இன்று 6/12 அல்லது அதைவிட நன்றாகத் தெரிகிறவர்களை மட்டும் எண்ணுங்கள்: 64 பேர் என்றால் பயனுள்ள எட்டளவு 32 சதவீதம். சிகிச்சை எட்டியவர்களில் 36 சதவீதத்தினருக்குப் பலன் முழுதாகக் கிடைக்கவில்லை என்று பொருள். 2021இல் உலக சுகாதார மாநாடு ஏற்ற இலக்கும் இந்த இரண்டாவது எண்ணைப் பற்றியதே: 2030க்குள் அது 30 சதவீதப் புள்ளிகள் உயர வேண்டும். முதல் எண்ணை மட்டும் வெளியிடும் அறிக்கை ஒரு பகுதியின் அறுவைசிகிச்சைத் தரத்தை மறைத்துவிடும்.

எந்தப் பார்வை அளவுக்குக் கீழே இருந்தால் புரை என்று எண்ணினீர்கள் என்பதைச் சொல்லாமல் இந்த எண்களை எங்கேயும் எழுதாதீர்கள். 6/60க்குக் கீழ் என்றால் எட்டளவு உயர்ந்து தெரியும், 6/18க்குக் கீழ் என்றால் அதே தரவில் தாழும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே போட்டுப் பாருங்கள். பெண்களின் எட்டளவு பின்தங்கியிருப்பது பல இடங்களில் வழக்கம், மொத்த எண்ணில் அது தெரியாது.

பலன் குறைந்த ஒவ்வொரு கண்ணுக்கும் காரணத்தை நான்கு அறைகளில் ஒன்றில் போட வேண்டும். ஏற்கெனவே விழித்திரை கெட்டிருந்தும் அறுவைசிகிச்சைக்குத் தேர்ந்தெடுத்தது, அறுவையின்போது நேர்ந்த சிக்கல், பிறகு கண்ணாடி கொடுக்காதது அல்லது லென்ஸ் அளவு தவறியது, நாளடைவில் பின்பை மங்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் பழைய அளவுகோலின்படி, அறுவைசிகிச்சை ஆன கண்களில் 80 சதவீதமாவது கையிலிருக்கும் கண்ணாடியோடு 6/18 அல்லது மேலே இருக்க வேண்டும், 6/60க்குக் கீழே போவது 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எந்த அறை நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். கண்ணாடி அறை நிரம்பியிருந்தால் லென்ஸின் அளவைக் கணிக்கும் உயிரளவை இயந்திரமும் ஆறு வாரம் கழித்துக் கண்ணாடிப் பரிசோதனையும் போதும். அறுவைச் சிக்கல் என்ற அறை நிரம்பியிருந்தால் மருத்துவர்களுக்கு மறுபயிற்சி. மங்கிய பை என்றால் அதில் துளையிடும் ஒரு யாக் லேசர் கருவி. மூன்றுக்கும் செலவு வேறு, பேச வேண்டிய ஆளும் வேறு. அறுவைசிகிச்சை 20 ஆண்டுக்கு முன் நடந்ததா, 3 ஆண்டுக்கு முன்பா என்பதையும் பிரித்துப் பார்க்காமல் இன்றைய மருத்துவமனையைக் குறை சொல்லக் கூடாது. லென்ஸ் வைக்காமல் தடித்த கண்ணாடி கொடுத்த காலத்துக் கண்களும் இந்தக் கணக்கில்தான் கிடக்கும்.

முடிவை முதலில் சொல்ல வேண்டியது சுகாதார அலுவலரிடமும் கண் மருத்துவர்களிடமும். இரண்டு பக்கத் தாளில், தரவு முடிந்த ஒரு மாதத்துக்குள். ஆய்விதழுக்கு எழுதுவது பின்னால் நடக்கட்டும். பெயர் நீக்கிய மூலத்தரவு, கொத்துப் பட்டியல், வரைபடங்கள், பயன்படுத்திய படிவத்தின் பதிப்பு எண் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்துவிடுங்கள். ஐந்து முதல் பத்தாண்டு கழித்து அதே பகுதியில் மறுபடி எண்ண வருகிறவர் வேறொருவராக இருப்பார். பழைய அளவுகோல் எது என்று தெரிந்தால்தான் அவரால் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைக்க முடியும்.